அக்கா கேட்ட இங்கிலீஷ்

போன வாரம் நம்ம பள்ளிக்கூட வாட்ஸாப் குரூப்பில் ஒரு படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற பிளாஸ்டிக் குப்பை. போட்டவர் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழே இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார்: நம்ம மலை ‘கான் டு தி டாக்ஸ்’. அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டீர்கள். மிலிட்டரிக்காரர் ‘ஃப்ரம் பேட் டு வொர்ஸ்’ என்றார். சென்னையில் இருக்கிறவள் ‘ஆன் இட்ஸ் லாஸ்ட் லெக்ஸ்’ என்று போட்டு அழுகிற பொம்மையும் வைத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் நாசமாய்ப் போவதற்கு இங்கிலீஷில் எத்தனை பேச்சு உண்டோ அத்தனையும் வந்துவிட்டது.

நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பேச்செல்லாம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நாம் ஆறாம் வகுப்பு. நமக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் இங்கிலீஷ் சார் நடத்துகிற பாடம் பாதி நமக்கும் சேர்த்துத்தான் நடக்கும். சார் மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். ஒல்லியாக, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, தை மாதக் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுவார். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை சொல்லுவார். நாம் தட்டிக்கு இந்தப் பக்கம் வாயை மட்டும் அசைத்து அவர் மாதிரியே சொல்லிக் காட்டுவோம்.

அந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம் முதல் பெஞ்சில் இருந்தது என் அக்கா. நீங்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவீர்கள். ஹாஸ்டலில் உங்கள் தலையில் பேன் பார்த்தவள், உப்புமாவில் புழு கிடந்தால் தட்டை எடுத்துக்கொண்டு நேராக வார்டன் முன்னால் போய் வைக்கிறவள்.

ஒருநாள் சார், நிலைமை கெட்டுப்போவதைச் சொல்கிற மரபுத்தொடர்களை வரிசையாகப் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தார். ‘கான் டு ஸீட்’ என்று ஒன்று. முத்தி விதையாகிப் போச்சு, அதாவது வீணாகப் போச்சு என்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. அக்கா எழுந்துவிட்டாள். சாமையோ கேழ்வரகோ விதையாக முத்தினால்தானே சோறு, அது எப்படி சார் வீணாகும் என்று கேட்டாள். சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவங்க ஊரில் கீரையை நினைத்துச் சொல்லியிருப்பாங்கம்மா, கீரை பூத்து விதை வைத்துவிட்டால் நீ பறிப்பியா என்றார். அக்கா கொஞ்சம் யோசித்து, பறிக்கமாட்டேன் சார் என்று உட்கார்ந்தாள்.

அடுத்தது ‘கோயிங் டவுன்ஹில்’. மலை இறங்குவது, அதாவது போகப்போக மோசமாவது. அக்கா மறுபடி எழுந்தாள். இந்த வாட்டி மொத்த வகுப்பும் அவள் பக்கம். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவனுக்குத்தானே கஷ்டம், இறங்குறது சுகம்தானே சார் என்றாள். நாமும் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து ஆமா சார் என்று கத்தினோம். சார் கோபப்படவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, நடந்து இறங்குகிறதை நினைக்காதீங்க, வண்டி பிரேக் இல்லாமல் இறங்குகிறதை நினைச்சுப் பாருங்க என்றார். அக்கா உட்கார்ந்தாள். மலைச்சாலையில் அப்படி உருண்ட லாரியை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்.

அது கடுக்காய் பருவம். எங்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து கிளம்பி மத்தியானம் வரை நடந்தால் வீடு. வாசலில் பரப்பிய கடுக்காய் காய்ந்து சுருங்கி மஞ்சளும் பழுப்புமாகக் கிடக்கும். அந்தத் துவர்ப்பு வாசனை வீட்டுக்குள்ளே படுக்கை வரைக்கும் வரும். வாணியம்பாடியில் இருந்து ஒரு பாய் வேன் கொண்டுவந்து வாங்கிப்போவார், தோல் பதனிடுகிற இடத்துக்கு. நல்ல உயரம், வெள்ளைத் தாடி, எப்போதும் சட்டைப்பையில் எங்களுக்குச் சீரக மிட்டாய்.

அந்த வாரம் நாங்கள் போனபோது அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பகலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வயிறு வலிக்குது, சூடு பிடிச்சிகிச்சு என்றார். அம்மா வெந்தயம் கொடுத்திருந்தாள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, காட்டில் ஏதோ காற்று பட்டிருக்கு, வேப்பிலை அடித்தால் போய்விடும் என்றார். அப்பாவும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாய் வருகிற நாள் நெருங்கிவிட்டது, மூட்டை கட்டவேண்டும், அதுதான் அவர் கவலை. வலியை அவர் எவ்வளவு மறைத்திருக்கிறார் என்பது இப்போது நினைத்தால்தான் புரிகிறது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சோறு வேண்டாம் என்கிறார் என்பது மட்டும்தான்.

திங்கட்கிழமை காலையில் அம்மா எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சொன்னாள். அக்கா போகமாட்டேன் என்றாள். பரிட்சை வர்ற நேரத்தில் இங்கே இன்னா வேலை என்று அம்மா திட்டினாள். அக்கா அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குள் பாயின் வேன் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து போய், யார் சொல்லியும் கேட்காமல் மூட்டைகளைத் தூக்கி வேனில் ஏற்ற ஆரம்பித்தார். கடைசி மூட்டைகளில் ஒன்றைத் தோளில் வைத்தவர் அப்படியே மடிந்து உட்கார்ந்தார். மூட்டை சரிந்து கடுக்காய் மண்ணில் சிதறியது. அப்பா முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. தொட்டால் நெருப்பு.

பாய் ஓடிவந்தார். ஏற்றியிருந்த மூட்டைகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினார். அப்பாவைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். அம்மா ஏறினாள், அக்கா ஏறினாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாக ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அப்பா பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அடிவாரத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பினாயில் வாசனை, வராண்டா முழுக்க ஜனம். இருந்தது ஒரே ஒரு டாக்டர், சின்ன வயசுக்காரர். தூக்கம் இல்லாத கண். அப்பாவைக் கட்டிலில் போட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசி போட்டார்கள். டாக்டர் அம்மாவிடம் பொறுமையாகத்தான் பேசினார். பயப்படாதீங்கம்மா, மருந்து போட்டிருக்கோம், நாளைக்குப் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார் என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மத்தியானம் மறுபடி வந்து நாடி பார்த்தார். வயிற்றைத் தொட்டார். அப்புறம் நர்ஸ் பக்கம் திரும்பி, நாங்கள் கட்டிலைச் சுற்றி நிற்கும்போதே, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் கடைசியில் இரண்டு சொல் எனக்கும் காதில் விழுந்தது. கோயிங் டவுன்ஹில்.

அம்மாவுக்கு அதில் டவுன் என்பது மட்டும் பிடிபட்டது. இதுதானே டவுனு, டவுனுக்குத்தானே வந்துகீறோம் என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் வெளியே போனதும் பின்னாலேயே போனாள். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனேன். வராண்டா முனையில் அவரை நிறுத்தினாள்.

“சார், எங்கப்பாவுக்கு மோசமாயினே போவுதுன்னு சிஸ்டர்கிட்ட சொன்னீங்க. எங்கம்மாகிட்ட பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. எது சார் நெஜம்?”

டாக்டர் அவளையே பார்த்தார். கழுத்தில் கறுத்த பாசிமணி, ஹாஸ்டலில் கொடுத்த நீலப் பாவாடை, எண்ணெய் இல்லாத தலை. எந்த ஸ்கூல் என்று கேட்டார். அவள் சொன்னாள். டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“நான் சிஸ்டர்கிட்ட சொன்னதுதாம்மா நெஜம். குடல்வால் வெடிச்சிருக்குன்னு நெனைக்கறேன். ஆபரேஷன் பண்ணணும். இங்க இன்னிக்குப் பண்ண ஆள் இல்ல. ஆம்புலன்ஸும் போயிருக்கு, வர்றதுக்குச் சாயங்காலம் ஆவும். மோசம்னு வெளிப்படையா சொன்னா உங்க மலைக்காரங்க வூட்டுக்குத் தூக்கினு போய்டறாங்க. போன மாசம்கூட அப்படித்தான் ஒருத்தரைத் தூக்கினு போனாங்க. அதுக்குப் பயந்துதான் சொல்லல.”

அவர் பொய் சொன்னதாக எனக்கு அன்றைக்குக் கோபம். இப்போது இல்லை. தனி ஆளாக ஒரு ஆஸ்பத்திரியைச் சுமந்தவர், தான் கண்டதை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தப்பு. அதைச் சொல்ல அங்கே ஒருத்தி இருந்தாள்.

“நாங்க வூட்டுக்குப் போவல சார். எங்க போவணும்னு சொல்லுங்க.”

வேலூர் என்றார் டாக்டர். அக்கா என் பக்கம் திரும்பி, பாய் இன்னும் எதிர் டீக்கடையில் கீறாரான்னு ஓடிப்போய்ப் பாரு என்றாள். நான் ஓடினேன். பாய் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். தோல் கிடங்கில் காத்துக்கொண்டிருப்பார்கள், அன்றைக்குள் சரக்கு போயாகவேண்டும். அது அப்புறம் என்றார். வேனை ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்தார். டாக்டர் வரிசையில் நின்ற ஜனத்தை விட்டுவிட்டு வெளியே வந்து, அப்பாவைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தார். குளுக்கோஸ் பாட்டிலை என் கையில் கொடுத்து, இதைத் தாழ்த்தவே கூடாது, புரியுதா என்றார். புரிந்தது. அந்தப் பாட்டிலை நான் பிடித்த மாதிரி வாழ்க்கையில் வேறு எதையும் பிடித்ததில்லை.

வேன் கிளம்பியதும் அப்பா கண்ணைத் திறந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, ஒண்ணுமில்ல, பெரிய ஆஸ்பத்திரில இன்னொரு ஊசி போடணுமாம் என்றாள். அக்காவின் தொடையில் கிள்ளினாள், வாயைத் திறக்காதே என்று. அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

அக்கா அவர் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள். “வயித்துக்குள்ள வெடிச்சிக்கீதுப்பா. மோசமாயினே போவுதுன்னு சொன்னாரு. வேலூர்ல ஆபரேஷன் பண்ணணும். சீக்கிரம் போவணும்.”

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இவ்வளவு வலியில் இருக்கிற மனுஷனிடம் இப்படிச் சொல்வாளா ஒரு பெண் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் திறந்து, நேற்றிலிருந்து இல்லாத தெளிவோடு பேசினார்.

“அப்ப இன்னாத்துக்கு இந்த மூட்டையெல்லாம் ஏத்தினு போறோம்? எறக்கச் சொல்லு பாயை. வண்டி ஓட வேணாம்?”

ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை. பாய் வேனை நிறுத்தினார். பஞ்சர் கடைக்காரரும் பாயும் அக்காவுமாக மூட்டைகளை இறக்கிப் போட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க அப்பாவும் அம்மாவும் மரம் மரமாக ஏறி இறங்கிச் சேர்த்தது. அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அவசரத்தில் ஏறும்போது அவளுடைய ஒரு ரப்பர் செருப்பு அங்கேயே விழுந்துவிட்டது. இன்னொன்றை அவளே எடுத்து வெளியே எறிந்தாள். அதற்கப்புறம் வேன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. பாய் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. அப்பா ஒரு கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு ஊர் இப்ப எங்க வந்துகீறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொரு ஊர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். தெரியாத ஊருக்குக் கடை போர்டைப் படித்துச் சொன்னாள்.

வெளிச்சம் இருக்கும்போதே வேலூர் போய்ச் சேர்ந்துவிட்டோம். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா, பிழைத்துக்கொள்வார், யார் இவரை நேரத்துக்குக் கொண்டுவந்தது என்று கேட்டார். அம்மா பாயைக் காட்டினாள். பாய் அக்காவைக் காட்டினார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள், வெறுங்காலோடு, வாய் லேசாகத் திறந்திருந்தது.

பாய் போகும்போது சட்டைப்பையைத் தடவி, இருந்த சீரக மிட்டாயை எல்லாம் என் கையில் கொட்டிவிட்டுப் போனார். பஞ்சர் கடையில் இருந்த மூட்டைகள் அப்புறம் அவர் கிடங்குக்கே போய்ச் சேர்ந்தன. எடை குறைந்தது என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அக்கா கூடவே இருந்தாள். இங்கிலீஷ் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தார். மப்ளர் இல்லாமல் அவரைப் பார்த்தபோது வேறு யாரோ மாதிரி இருந்தது. அக்காவின் பாடப்புத்தகங்களையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். நடந்ததை அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரையும் கும்பிட்டாள். “நான் மார்க்குக்காகத்தாம்மா சொல்லிக் குடுத்தேன்” என்றார். மூக்கை உறிஞ்சினார். அது குளிர்காலமும் இல்லை.

அந்த வருஷப் பரிட்சையில் மரபுத்தொடர் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அக்கா இங்கிலீஷில் தேறினாள், கணக்கில் போனாள். மறுபடி எழுதித் தேறினாள். பெரிய வேலைக்கு எல்லாம் போகவில்லை. அங்கன்வாடியில் இருந்தாள், இப்போது ஓய்வு. ஆனால் நம்ம மலையில் யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் இன்றைக்கும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். போய் நிற்பாள். டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் படுத்திருக்கிறவரிடமே சொல்லுவாள். அழுகிறவர்கள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பாள். உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு அவள் வந்ததை நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்பா அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். நம் பிள்ளைகளின் கல்யாணத்தில் எல்லாம் பார்த்திருப்பீர்கள், தழும்பைத் துண்டால் மூடிக்கொண்டு பந்தி விசாரித்தவர். சில வருஷத்துக்கு முன்னால் ஈரல் கெட்டுப்போய் மறுபடி வேலூரில் கிடந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சரியாயிடும்பா என்று சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பெரியவளை வரச் சொல்லு என்றார்.

அக்கா வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த வாட்டி ஆபரேஷனுக்கு வழி இல்லப்பா, வலி தெரியாம இருக்க மாத்திரை குடுப்பாங்க என்றாள். எத்தினி நாளைக்கு என்று கேட்டார். ஆடி வரைக்கும் இருக்கலாம்னு சொல்றாங்க, உறுதி இல்ல என்றாள்.

“வெதைக்கற நேரந்தான். வூட்டுக்குப் போலாம் வா.”

கூட்டிப்போனோம். அந்த வருஷம் நல்ல மழை. கொல்லை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கம்பளியைச் சுற்றி உட்காரவைத்தோம். நான் சாமை தூவிக்கொண்டு போனேன். கோழிக்குத் தீனி போடறியா, வெதைக்கறியா என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அக்கா சிரித்துக்கொண்டே விதைக் கூடையை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் அள்ளி, உட்கார்ந்தபடியே, கை எட்டின மட்டும் வீசினார். கூடை காலியாகும்வரை வீசினார். நாற்காலியைச் சுற்றி மட்டும் சாமை அந்த வருஷம் ஒரே நெருக்கமாக எழுந்தது. பயிர் முழங்கால் உயரம் வந்ததை அப்பா பார்த்துவிட்டுத்தான் போனார்.